வராமல் போனதில் மகிழ்ச்சி

மில் பஸ் வன்னியம்பட்டி விலக்கில் நின்றபோதும் தேவஇரக்கத்தின் உதடுகள் நிற்கவில்லை. "ஸ்வா, ஸ்வா, ஸ்வா, ஸ்வாயோன், ஸ்வாயே, ஸ்வா" என்று கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே வந்தான். முதல் ஷிப்டு முடித்தவர்கள் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டு ஐயாதுரை மட்டும் முழித்திருந்தான்.

"என்ன அண்ணாச்சி, சர்ச்சுக்குப் போற ஆளு ஸ்வாகா சொல்லிக்கிட்டு வாரீய? ஹோமம் எதும் வளக்கப் போறீயளா?"

"இது பிரெஞ்சுப்பா. வினைச்சொல்லு."

"வினையேதான்" என்று சொல்லிவிட்டு ஐயாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வீட்டைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதுதான் அவனுக்கு இன்னும் பழகவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில்கூட வீட்டில் ஒரு பொருள் இடம் மாறியிருக்கும். எட்டி எதையாவது இழுத்துப் போட்டிருப்பாள். இப்போது அவன் நகர்த்தாத எதுவும் நகர்வதில்லை. பின்தெருப் பால்கோவாப் பட்டறையிலிருந்து பால் சுண்டும் வாசனை மட்டும் கேட்காமல் உள்ளே வந்து போகும்.

அவன் மனைவி செலினா கனடாவில், பிரெஞ்சு பேசும் கெபெக் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. புறப்படும் சமயத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்ப் படுத்துவிட்டாள். கிடைத்த வேலையை விட மனமில்லாமல் செலினா முன்னால் போனாள். அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையானதும் அவன் வருவதாக ஏற்பாடு. அம்மாவுக்குத் தேவலையாகவே இல்லை. அடக்கம் முடிந்து, நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு அவன் போன் செய்தபோது செலினா வெகுநேரம் அழுதாள். பிறகு, "உடனே கிளம்பி வந்துராதீய. பாஷ இல்லாம இங்க வந்தா நாலு செவத்துக்குள்ளதான் கெடக்கணும். வேலையும் கெடைக்காது. பிரெஞ்சு படிச்சு பரீட்ச பாஸ் பண்ணுங்க, பொறவு வாங்க" என்றாள்.

நியாயமான பேச்சு. அவன் படிக்க ஆரம்பித்தான். நாற்பது வயதுக்கு மேல், நூல் மில்லின் தர சோதனைப் பிரிவில் நூலின் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், சாயங்காலம் போனை டம்ளரில் சாய்த்துவைத்து, பாண்டிச்சேரியில் இருக்கும் கல்பனா டீச்சரிடம் ஆன்லைனில் படித்தான். எழுதுவது வந்தது. வாசிப்பதும் வந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதுதான் வரவில்லை. சென்னையில் இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் அந்தப் பகுதியில்தான் தோற்றான். ஹெட்போனுக்குள் யாரோ இருவர் மிக வேகமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ இருப்பார்கள். எது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

கல்பனா அந்த வாரம் நடத்தியது வினைச்சொல்லின் ஒரு கடந்தகால வடிவம். "நடந்து முடிஞ்ச விஷயம்தான் சார். ஆனா நடந்துச்சுன்னு தகவல் சொல்றதுக்கு இது இல்ல. நடந்ததப் பத்தி மனசுல என்ன இருக்குன்னு சொல்றப்போ வரும். சந்தோஷம், வருத்தம், பயம், சந்தேகம். முதல்ல அந்த உணர்ச்சி. அடுத்து 'கெ'. அடுத்து துணைவினை. நிறைய வினைக்கு 'ஏ' வரிசை வரும். வர்றது, போறது, தங்குறது, பிறக்குறது, சாகுறது, இதுக்கெல்லாம் 'ஸ்வா' வரிசை. கடைசியில முடிஞ்ச வினை. நீ வந்ததுல எனக்கு சந்தோஷம். ஜ ஸ்வி கோந்தான்த் கெ த்யூ ஸ்வா வெனு. அஞ்சு வாக்கியம் சொந்தமா எழுதி அனுப்புங்க."

வருவது, போவது, தங்குவது, பிறப்பது, சாவது. தன் வீட்டில் நடந்ததெல்லாம் இந்த ஒரு வரிசைக்குள் அடங்கிவிட்டதே என்று அவனுக்குத் தோன்றியது. பிறப்பது மட்டும் நடக்கவில்லை. எழுதினான்: செலினா போனதில் எனக்கு வருத்தம். அம்மா வலியில்லாமல் இறந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம். அதற்கு மேல் ஓடாமல், மழை பெய்ததில் மகிழ்ச்சி என்பதுபோல மூன்றைப் போட்டு நிரப்பினான். கல்பனா திருத்தி அனுப்பினாள். போனது பெண் என்றால் வினையின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக வர வேண்டும். எழுத வேண்டும், ஆனால் அது காதில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செலினா கூப்பிட்டாள். அங்கே காலை. பஸ்ஸில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தாள். காற்றின் இரைச்சலோடு மூச்சு வாங்கும் சத்தம்.

"சாப்டியளா?"

"மத்தியானம் வச்ச சோறு இருக்கு. நீ?"

"ரொட்டி. செத்த இருங்க, கூட வேல பாக்குற பிள்ள வருது."

போனைக் கையில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள் போல. இரண்டு பெண் குரல்கள் பனியில் நடக்கும் சத்தத்தோடு கலந்து வந்தன. வழக்கம்போல அவனுக்கு அது வெறும் சத்தமாகவே இருந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். செலினா சிரித்தாள், அவனிடம் பேசும்போது சிரிக்காத ஒரு சிரிப்பு. பிறகு சொன்னாள்:

"ஜ ஸ்வி கோந்தான்த் கில் ஸ்வா பா வெனு."

அவன் எந்த முயற்சியும் செய்யவில்லை. காதில் விழுந்தது, அப்படியே புரிந்துவிட்டது. அவன் வராமல் போனதில் எனக்கு மகிழ்ச்சி. முதலில் வந்தது சந்தோஷம்தான். நிஜமான ஒருத்தி நிஜமான வேகத்தில் பேசியதை முழுசாக வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷம். அது அடங்கிய பிறகுதான் அர்த்தம் மெல்ல இறங்கியது.

"என்னங்க, லைன்ல இருக்கீயளா?"

"இருக்கேன்."

"நேரமாச்சு, உள்ள போறேன். நல்லா படிங்க."

அன்று அவன் சோற்றைத் தொடவில்லை. அந்த 'அவன்' யாராகவும் இருக்கலாம். மேலதிகாரியாக இருக்கலாம், வாடகை வீட்டில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவனாக இருக்கலாம். மில்லில் நூலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கும்போதும் அந்த வாக்கியமே ஓடியது. புதன்கிழமை வகுப்பில் அதை உச்சரித்துக் காட்டி, "இதுல அந்த 'இல்'னு வருதே, அது யாரு டீச்சர்?" என்று கேட்டான்.

"அது முன்னாடி வாக்கியத்துல இருக்கும் சார்."

"அதக் கேக்கல. இது மட்டுந்தான் கேட்டுச்சு."

"அப்போ சொல்ல முடியாது. யாரோ ஒருத்தரா இருக்கலாம். பஸ்ஸாகூட இருக்கலாம், பிரெஞ்சுல பஸ்ஸும் ஆம்பளதான்." கல்பனா சிரித்தாள். "எந்த ரெக்கார்டிங் சார் இது? இயல்பா பேசுறப்போ முழுங்குற எழுத்தக்கூட முழுங்கியிருக்காங்க. அதப் பிடிச்சிட்டீங்களே! இந்தத் தடவ பாஸ்தான்."

தேர்வு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோள்பையோடு ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். சென்னை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"கெளம்பிட்டியளா?" என்றாள். விடுமுறை நாள் போலும். குரலில் அவசரம் இல்லை.

அவன் ஐந்து நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னான். முதன்முறையாக அவளிடம் பிரெஞ்சில் பேசினான். நான் வராமல் போனதில் உனக்கு மகிழ்ச்சியா? உணர்ச்சி, 'கெ', துணைவினை, முடிந்த வினை. எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக வந்தது.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எப்பக் கேட்டிய?"

"ஞாயித்துக்கெழம. அந்தப் பிள்ளகிட்ட சொன்னியே."

அவள் மறுக்கவில்லை. மறுத்துவிடுவாள் என்றே அவன் நினைத்திருந்தான். அதற்குத் தயாராகவும் இருந்தான்.

"மொத குளிருல தெனமும் அழுதேங்க. பாஷ தெரியாம ஒரு பாட்டிக்கு மருந்த மாத்திக் குடுக்கப் பாத்து, எல்லார் முன்னாலயும் திட்டு வாங்குனேன். நீங்க பக்கத்துல இருந்திருந்தா உங்க தோள்ல சாஞ்சு அழுதுட்டு, போதும் ஊருக்குப் போயிருவோம்னு சொல்லியிருப்பேன். நீங்களும் சரின்னுருப்பீய. ஆள் இல்லாததால அழுது முடிச்சுட்டு வேலைக்குப் போனேன். அந்த மொத குளிர எப்பிடித் தாண்டுனேன்னுதான் அவ கேட்டா. நான் அதத்தான் சொன்னேன்."

"அது அப்ப."

"ம்."

"இப்ப நான் வந்தா?"

பிளாட்பாரத்து மைக்கில் வண்டி வருவதாகச் சொன்னார்கள். தமிழில் சொல்லி, இந்தியில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்கள். பிறகு செலினா மெதுவாகச் சொன்னாள்.

"பரீட்சய எழுதிட்டு வாங்க."

வைத்துவிட்டாள்.

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். எழுதிட்டு வாங்க. ஊரில் யாரை வழியனுப்பினாலும் அப்படித்தான் சொல்வார்கள். கடைக்குப் போகிறவனுக்கும் பட்டாளத்துக்குப் போகிறவனுக்கும் அதே 'வாங்க'தான். எங்கே வருவது என்பது அந்தச் சொல்லில் இல்லை. பிரெஞ்சில் சொல்லியிருந்தால், இங்கே வா என்றோ போய்விட்டு வா என்றோ அவள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகியிருக்க வேண்டும். அவள் தமிழில் சொன்னாள்.

வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அடுத்த ஜன்னலில், தலைமுடி ஒட்ட வெட்டிய ஒரு பட்டாளத்துக்காரன். வெளியே அவன் மனைவி இடுப்பில் குழந்தையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்ததும் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள், பிறகு ஓட்டமும் நடையுமாக வந்தாள், பிளாட்பாரம் சரியும் இடத்தில் கையை எடுத்தாள். தேவஇரக்கம் கம்பியில் கன்னத்தை வைத்துத் திரும்பிப் பார்த்தான். அவள் கையசைக்கவில்லை. குழந்தையைக் கீழே இறக்கி நிறுத்தினாள். கலைந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி, இறுக்கிக் கொண்டை போட்டாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் இருந்த பக்கமாக, வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.