பல் டாக்டர் காரின் வலது இண்டிகேட்டர்

உலகத்தில் இன்றுவரை ஏற்பட்ட எல்லாக் கோளாறுகளுக்கும் எர்த் சரியாகப் பிடிக்காததுதான் காரணம் என்பதை எங்கள் ஊர் கார் எலக்ட்ரீஷியன் நிரூபித்திருந்தார். விளக்கு மங்கினால் எர்த். ஹாரன் தானாக அலறினால் எர்த். ஆற்றுப் பாலம் இடிந்தபோதும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையே சொன்னார். மறுத்துப் பேச யாரிடமும் ஆதாரம் இல்லை. அதனால் அவருக்கு எர்த்தண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கொள்கையை ஏற்காத ஒரே ஆள் அவர் மனைவி. சமையலறை பல்பு விட்டுவிட்டு எரிந்தபோது, "நீங்க மாட்டின சுவிட்சுதான் லூசா இருக்கு," என்றாள். அவர் எர்த் என்றார். பேச்சு முற்றி, "உங்க பேர்ல மட்டும் தப்பே இருக்காதா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்த வீடு, பட்டறையைத் தாண்டி நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பினால் வரும். "வந்தா வரட்டும். நான் போய் வாசல்ல நிக்க மாட்டேன்," என்று யாரும் கேட்காதபோதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சுவிட்சைத் தொட்டால் தோற்றதாகிவிடும் என்பதால் இருட்டிலேயே சமைத்தார். இரண்டு மாதமாக உப்பு எது, சர்க்கரை எது என்று ருசி பார்த்த பிறகே தெரிந்தது.

இப்படியிருக்கையில்தான் பல் டாக்டரின் கார் பட்டறைக்கு வந்தது. உருண்டைப் பின்விளக்குகளும் குரோம் பம்பருமாக, மாமனார் வழியில் வந்த பழைய கார். இண்டிகேட்டர் சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும், ஓட்டுகிறவருக்கு உள்ளூர எங்கே போக ஆசையோ அந்தப் பக்கத்து விளக்குதான் எரியும். பிரேக் லைட் பிரேக்கை மிதித்தால் எரியாது. நிற்க மனசு வந்தால் எரியும். டாக்டர் மரியாதை தெரிந்தவர். ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டுப் பக்கம் குனிந்து, "எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்பார். கிளினிக் வலது பக்கம் என்றால் கார் இடது பக்கம், குளக்கரையைக் காட்டும். அவரும் போய்விடுவார். கன்னம் வீங்கிய நோயாளிகள் நாளடைவில் குளக்கரையிலேயே காத்திருக்கப் பழகினார்கள். அங்கே பிடுங்கினால் வலி குறைவு என்று சொன்னவர்களும் உண்டு. நாற்சந்திப் போலீஸ்காரர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கைச் சரிசெய்யாமல் ரோட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"கார்கிட்டப் போயி வழி கேக்குறீங்களே, படிச்சவர்தானே நீங்க?" என்று எர்த்தண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு ஸ்டெப்னிகிட்ட ஜாதகம் பாப்பீங்களா?"

"அது சொல்றது சரியாத்தாங்க இருக்கு," என்றார் டாக்டர்.

"எர்த்து, டாக்டர். அரை மணி நேரம்."

அரை மணி நேரம் கழித்து அவர் பல்புகளை மாற்றியிருந்தார். மறுநாள் இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பிளாஷரை மாற்றினார். பச்சை பூத்திருந்த இணைப்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பேட்டரியிலிருந்து பாடிக்குப் புத்தம்புது எர்த் ஒயர் இழுத்தார். அது கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆனால் அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் வலது இண்டிகேட்டர் மின்னியது. சுவிட்சை இடது பக்கம் தள்ளிப் பார்த்தார், வலது மின்னியது. பேட்டரியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார், மின்னியது. பல்பையும் பிடுங்கினார். வெறும் ஹோல்டர் மின்னியது. டாக்டரை உட்காரச் சொன்னால் இடது மின்னியது. எர்த்தண்ணன் வெகுநேரம் யோசித்து, "உங்க உடம்புல எர்த் நல்லாப் பிடிக்குது," என்று முடிவு சொன்னார்.

"அப்ப உங்க உடம்புல?" என்று டாக்டர் சந்தேகமாகத்தான் கேட்டார். எர்த்தண்ணன் கீழே விழாத ஸ்பேனரைக் காருக்கடியில் தேடப் போய்விட்டார்.

கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, ஓட்டத்தில் சரியாகிவிடும் என்று எர்த்தண்ணன் தனியாகக் காரை எடுத்தார். நாற்சந்தியில் இடது பக்கம் திரும்பி, ஸ்டேஷன் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருவதாகத் திட்டம். வலது விளக்கு மின்னியது. பின்னால் வந்த வண்டிகள் அதை நம்பி ஒதுங்கி நின்றன.

"வலது கை காட்டிட்டு ஏண்ணே நிக்குறீங்க? போங்க!" என்றார் போலீஸ்காரர்.

"நான் இடது பக்கம்ல போகணும்."

"லைட்டு அப்படிச் சொல்லலையே. யாரை நம்புறது, உங்களையா லைட்டையா?"

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர் வலது பக்கம் திரும்பினார். மச்சான் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிவிடுவது என்றிருந்தார். ஆக்சிலேட்டரில் இருந்த கால் அப்படியேதான் இருந்தது. வீடு நெருங்கும்போதே பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிய, சைக்கிளில் வந்தவர் தடாலென்று இறங்கி நின்றுகொண்டார். அதற்குமேல் நிற்காமல் போனால் அநியாயம்.

மனைவி வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். "எங்க வந்தீங்க?"

"வண்டி டெஸ்ட் பண்ண."

இறங்கி, ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். நாலும் நன்றாக இருந்தன. உதைக்க இன்னொரு டயர் தரையில் இல்லாததால், "சுவிட்சுதான்," என்றார்.

"என்னது?"

"சமையக்கட்டு சுவிட்சு. ஸ்க்ரூவை முடுக்காம விட்டுட்டேன்."

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பிரேக்குலேர்ந்து காலை எடுங்க முதல்ல," என்றாள்.

"நான் கீழதானே நிக்கிறேன்."

அவள் அவரைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

தெருமுனை வந்தது. அவர் பிறந்து வளர்ந்த ஊர், வழி தெரியாமல் இல்லை. அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, டேஷ்போர்டுப் பக்கம் லேசாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லையே என்று மனைவி ஒரு கணம் குழம்பினாள். பிறகு, "வீட்டுக்குத்தான்," என்றாள். இடது விளக்கு ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தது.