ஓட்டை போட்ட டிரம்கள்

சி ரூசா என்ற மலாய்க் கடற்கரையில் அந்த வாரம் ஒரு நண்டுகூட ஓடவில்லை. காக்கை கத்தவில்லை. அலை மட்டும் வந்து போனது, அதுவும் பூனை நடக்கிற மாதிரி. ஏன் என்று சன்னாசிக்குத் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறப்பேனா என்றிருந்தான்.

ரப்பர் தோட்டத்துக் கடையில் சாப்பாட்டு டின்களைக் குத்துவதுதான் அவன் வேலை. அவசரகாலச் சட்டம் அப்படி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போனாலும் கெட்டுத் தொலையட்டும் என்று, விற்கிற டின் ஒவ்வொன்றிலும் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். லாலான் புல்லைக் கொல்லும் விஷ மருந்தும் அவர்கள் கையில் சிக்கிவிடுமோ என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பயம். மிச்சமிருந்த டிரம்களைக் கமுக்கமாகக் கடலில் போட்டுவிட்டு வரச் சொல்லி இவனை அனுப்பினார். சும்மா தள்ளிவிட்டு வந்திருக்கலாம், பாவி மனுஷன். பழகின கை கேட்குமா? குத்திக் குத்தித் தள்ளினான். ஆணி வளைந்துபோனதால்தான் கடைசிச் சில டிரம்கள் தப்பின. மருந்து தெறித்த வலது கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு சுமத்ராக் கரையிலிருந்து காசிம் வந்தான். மீனவன். அங்கேயும் மீன் செத்து ஒதுங்கியிருக்கிறது. அதைத் தின்ற அவன் மகள் பிழைக்கவில்லை. கூடவே ஒதுங்கிய டிரம் மூடியில் தோட்டத்து முத்திரை இருக்கவே, அதைக் கையில் பிடித்தபடி வந்துவிட்டான். சி ரூசா மலாய் மீனவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு கரைக்கும் ஒரே கடல், அடியில் கிடக்கிற டிரம்களை நாமே தூக்குவோம் என்றார்கள். இடம் காட்டத்தான் ஆள் இல்லை. தானே போவதென்று சன்னாசி முடிவெடுத்தான்.

"போகாதீங்க," என்றாள் சன்னாசியின் மனைவி பாஞ்சாலை. "தொர மறைச்சத வெளியாளுக்குக் காட்டினா சும்மா விடுவாங்களா? கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"குத்தாம விட்டது கீழ கெடக்கு லா. துருப்பிடிச்சா அதுவும் ஒடையும்," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினான்.

அவன் காட்டிய இடத்தில் தண்ணீர் அசையவே இல்லை. செத்த மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு படகைச் சுற்றி மிதந்தன. கரை அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

கொக்கி மாட்டி இழுத்ததும் முதல் டிரம் லேசாக மேலே வந்தது. உள்ளே மருந்து இல்லை, வெறும் கடல்தண்ணீர். காசிம் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"இது பாறை குத்தினது இல்லை," என்றான் மலாயில். "யார் செய்தது?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சன்னாசி வெந்துபோன கையை நீட்டினான். "நான்தான்."

தன்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தான், அதுவும் நியாயம்தான் என்று பட்டது. காசிம் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தான். பிறகு கயிற்றை எடுத்து அதிலேயே திணித்தான்.

"குத்தாதது எங்கே, காட்டு."

சன்னாசி காட்டினான். கொக்கி இறங்கி மாட்டியது. இழுத்தான். கயிறு கனத்தது.