காயாத குடுவை

அந்த ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவரை எல்லோரும் சித்தப்பா என்றே கூப்பிட்டார்கள். நிஜத்தில் அவர் அங்கிருந்த ஆராய்ச்சிக்காரிக்கு மட்டும்தான் சித்தப்பா. அவர் கழுவிய குடுவை கண்ணுக்கே தெரியாமல் போய், இரண்டு நாள் தடவித் தேடினார்களாம். சொன்னது அவர்தான்.

அண்ணன் மகளின் பாடு வேறு. ஆல்டிஹைடு, எஸ்டர் என்ற இரண்டு சேர்மங்களை ஒரே குடுவையில் போட வேண்டும். நடுவில் எதையும் வெளியே எடுக்காமல், ஒரு வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வினை நடந்து, கடைசியில் அணுக்கள் கைகோத்து வளையமாக மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷமாக வந்ததெல்லாம் பழுப்புப் பிசின்தான். அதை வைத்துச் சித்தப்பா செருப்பை ஒட்டினார். செருப்பு தேய்ந்து போயிற்று, ஒட்டு அப்படியே இருக்கிறது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வளையம் வரலேன்னா உன் மேஜை அடுத்த குழுவுக்கும்மா," என்றார் பேராசிரியர்.

வியாழன் காலை, காரத்தைச் சேர்த்ததும் குடுவைக்குள் மஞ்சள் பூத்தது. மதியத்துக்குள் மஞ்சள் வெளுத்து, அடியில் வெள்ளைப் படிகம் இறங்கியது. வளையம்தான். சோதனைக் கருவியும் ஒப்புக்கொண்டது.

"நாளைக்கு என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை செய்," என்றார் பேராசிரியர்.

வெள்ளி காலை அதே அளவு, அதே சூடு. பழுப்புப் பிசின்.

சித்தப்பாவுக்குக் காரணம் பிடிபட்டது. முந்தின நாள் குடுவையை அசிட்டோன் விட்டு அலசியவர், உலர்த்த மறந்து அப்படியே நீட்டியிருந்தார். இன்றைக்கோ பொறுப்பாகக் காயவைத்திருந்தார். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் மேஜை போகும்.

"ஒன்னு சொல்றேன், திட்டக்கூடாது. நேத்து குடுவை காயலம்மா. அசிட்டோன் உள்ளயே கெடந்துச்சு."

"எவ்ளோ சித்தப்பா?"

"ஒரு மடக்கு இருக்கும்."

"அது தெரியாமலா குடுத்தீங்க?"

"மூக்குக்கண்ணாடிய நல்லா கழுவி வெச்சேன். அப்புறம் அது கண்ணுக்குத் தெரியல."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அசிட்டோனும் ஒரு கீட்டோன்தானே, ஆல்டிஹைடோடு வினைபுரியக்கூடியதுதானே! அதன் இரண்டு பக்கமும் ஆல்டிஹைடு வந்து ஒட்டியதில் மஞ்சள். அந்த இரண்டு முனைகளையும் எஸ்டர் எட்டிப் பிடித்ததில் வளையம். கூப்பிடாமல் வந்தவர்தான் மொத்த வேலையையும் பார்த்திருக்கிறார்.

இந்தத் தடவை ஒரு மடக்கை அளந்தே ஊற்றினாள். பேராசிரியர் கண் முன்னாலேயே மஞ்சள் பூத்தது, வெளுத்தது, வெள்ளை இறங்கியது. மேஜை நகரவில்லை.

அசிட்டோன் கதையைக் கேட்ட பேராசிரியர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இனிமே குடுவைய காயவைக்கணுமா வேண்டாமான்னு முந்தின நாளே சொல்லிடுங்கய்யா," என்றார் சித்தப்பா பணிவாக. "அதுக்குத் தகுந்த மாதிரி மறந்துக்கறேன்."