வேறொரு டிராக்டரின் புத்தகம்

என் வீட்டுக்காரர் விமலன் டிராக்டருக்கடியில் படுத்து பிரேக்கை மாட்டிக்கொண்டிருந்தார். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் எண்ணெய்த் துணிக்குள் சுருட்டி வைத்திருந்த ஸ்பிரிங் என் கையில் சிக்கியது. எங்கள் வண்டியிலிருந்து கழற்றியதுதான். மாட்டாமலே மிஞ்சியிருந்தது.

“ஏங்க, இது எங்க போவணும்?”

“அது வேணாம். புத்தகத்துலயே இல்ல.”

எஸ்டேட்டில் ஏலம் விட்டபோது எடுத்த வண்டி அது. என்னைவிட அதற்கு வயது அதிகம். அந்தக் காலத்து ரிப்பேர் புத்தகத்தை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள் என்று இவர் போனில் கண்டுபிடித்து இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். வந்த அன்றே பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், மெக்கானிக் சாம்பசிவத்தின் முகத்துக்கு நேராக, “இனிமே ஒங்க தயவு வேணாம்ணே” என்று சொல்லிவிட்டு வந்தார். வாய் சும்மா இருக்குமா?

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் கண் இருக்கிறதே! படத்தில் இரண்டு பிரேக் பெடலும் வலப்பக்கம் இருந்தன. எங்கள் வண்டியில் பக்கத்துக்கு ஒன்று. இது வேறு வண்டியின் புத்தகம். அவருக்கும் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஸ்பிரிங்கை ஏன் ஒளிக்க வேண்டும்?

கீழே திரிங்காப் ரோட்டில் கோசு ஏற்ற வந்த லோரி விடாமல் ஹாரன் அடித்தது. எங்கள் வண்டியின் டிரெய்லர் நிறைய கோசு மூட்டை. எங்கள் தோட்டத்துச் சரிவோ, வெறுங்கையோடு இறங்கினாலே முட்டி நடுங்கும்.

“சாம்பசிவம் அண்ணனக் கூப்புடலாங்க.”

“சும்மா இரு லா. நீ நடந்து போ, நான் ஓட்டிட்டு வரேன்.”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது இந்த மனுஷனுக்கு. செத்துத் தொலைந்துவிடுவாரோ என்ற பயம் எனக்குக் கோபமாகத்தான் வந்தது. விறுவிறுவென்று டிரெய்லரில் ஏறி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். நான் மேலே இருந்தால் வண்டியை எடுக்கமாட்டார் என்று நம்பினேன்.

அவர் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தார். “எறங்கு, திலகா.”

“புத்தகம் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எறங்கிடறேன்.”

“கியர்ல மெதுவா போனா ஒன்னும் ஆவாது” என்று முணுமுணுத்தபடி சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த கல்லை இழுத்துப் போட்டார். கியரில் விட்டிருந்ததால் வண்டி அசையவில்லை. சீட்டில் ஏறினார். வலது காலைப் பிரேக் பெடலில் வைத்து, கியரை எடுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

பக்கத்து எஸ்டேட்டின் தேயிலைச் செடிகள் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தன. அடப்பாவி, எடுத்தே விட்டாரே என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் காலைப் பார்த்தேன். பெடலை அடிவரை மிதித்திருந்தது. அவர் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தார். கியரைத் திரும்பப் போடப் பார்த்தார். கரகரவென்று கத்தியது, விழவில்லை.

“தப்புதான் திலகா! தப்புதான்! குதிச்சிரு!”

செடிகள் இன்னும் வேகமாகப் பின்னால் போயின.