ஒரு பல்லு

"உன் எடை எவ்வளவு?" என்று ஒரு காலையில் அத்தான் என்னைக் கேட்டார். நான் காரின் பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன். பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டார். "இந்த ஊமைக்கோட்டானைச் சுமந்தே பாதி பெட்ரோல் போகுது" என்று அக்காவிடம் சொன்னார். அன்றிலிருந்து நான் வேலை செய்யும் தையற்கடைக்கு நடந்தே போனேன்.

அது எங்கள் அப்பாவின் கார். அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். அவர் இறந்தபின் ஓட்டுகிற இருக்கை அத்தானுடையது ஆனது. சாவி அக்காவின் கைக்கு வந்ததே இல்லை. அக்கா வேலை செய்கிற ஆஸ்பத்திரி லேப் ஊருக்கு வெளியே இருந்தது. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அத்தான் அவளை இறக்கிவிட்டு ஆபீஸ் போவார்.

அவள் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்லாமல் காரைச் சொன்னார்.

"வண்டி பெட்ரோலைத் தண்ணியா குடிக்குது. மைலேஜ் ஏறலைன்னா நீ வீட்டோட இரு. காரை வித்துட்டு நான் பைக்ல போய்க்கிறேன்."

"ஏறிட்டா?"

"ஏறட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்லாம் வேணாம். ஏறிட்டா என் வேலையைப் பத்தி வாயே திறக்கக் கூடாது."

"சரி தாயே" என்றார். அந்தத் 'தாயே'யில் மரியாதை இல்லை.

அக்கா விடவில்லை. டயர்களுக்குச் சரியாகக் காற்று பிடிக்க வைத்தாள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். பறந்த புழுதியில் இருமிவிட்டுப் புதியது போட்டாள். பிளக்கை மாற்றினாள். டிக்கியில் கிடந்த அத்தானின் பழைய இரும்புச் சாமான்களை வாசலில் கொட்டினாள்.

"என் சாமானை யாரைக் கேட்டு எடுத்தே?"

"இது காருங்க. குடோன் இல்ல."

டேங்கை வாய்வரை நிரப்பி ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பிக் கணக்குப் பார்த்தார்கள். மைலேஜ் முன்பைவிடக் குறைந்திருந்தது. அத்தான் விசிலடித்தபடி வீட்டுக்குள் வந்தார். "இன்னும் ஒரு டேங்க். அப்புறம் ராஜினாமா எழுதிடு" என்றார்.

"தங்கச்சியை ஏத்தாமலே மைலேஜ் குறைஞ்சிருக்கே. அப்ப அவ கனத்தால இல்ல. நாளையிலேர்ந்து அவளும் வருவா" என்றாள் அக்கா.

மறுநாள் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தேன். சிக்னலில் அத்தான் ஹேண்ட் பிரேக்கை இழுக்க, அது கரகரவென்று பல் பல்லாக மேலே ஏறியது. பச்சை விழுந்ததும் கீழே தள்ளினார். முழுக்கத் தள்ளவில்லை. கம்பி கொஞ்சம் தூக்கியே நின்றது. அடுத்து இறக்கம். அப்பா ஓட்டியபோது அந்த இறக்கத்தில் கார் தானாக உருளும். இப்போது அத்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தைப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்க, இஞ்சின் மூச்சுமுட்ட இழுத்தது.

நான் முன்னால் சாய்ந்தேன். "அத்தான், ஹேண்ட் பிரேக் முழுசா இறங்கல."

அவர் கீழே பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னை முறைத்தார். "அட, கோட்டானுக்கு வாய் முளைச்சிடுச்சே! ஒரு பல்லுதானே? அதுல என்ன குடியா முழுகிடும்?"

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "எத்தனை பல்லுன்னு பாக்காமலே எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன உளர்றே?"

அவள் பட்டனை அழுத்திக் கம்பியைக் கீழே தள்ளினாள். அவிழ்த்துவிட்டது போலக் கார் பாய்ந்தது. அத்தான் பதறிப் பிரேக் போட்டார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தது.

"எத்தனை நாளா இது?"

"பழைய வண்டிடி. ஒரு பாதுகாப்புக்கு."

"நிக்கிற வண்டிக்குப் பாதுகாப்பு. ஓடுற வண்டிக்கு எதுக்கு?"

"அக்காளும் தங்கச்சியும் கூட்டு சேர்ந்து என்னை விசாரிக்கிறீங்களா? ரெண்டு பேரையும் நடுரோட்டுல இறக்கிடுவேன்."

"ஓரம் கட்டுங்க."

ஓரம் கட்டினார். அவள் அழுதுகொண்டே நடந்துபோவாள் என்று நினைத்திருப்பார். அக்கா இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றிவந்து, அவருடைய கதவைத் திறந்து பிடித்தாள்.

"சாவி அதுலயே இருக்கட்டும். இறங்குங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

"நீ ஓட்டப்போறியா? கிழிச்சே."

அவள் கதவை விடவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

அவர் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார்.