அமோனியாவின் நாலாவது கை

பிஜித் தீவின் சுவா துறைமுகத்து மீன் கிடங்கில் குளிர்க்குழாய் வெடித்து, அமோனியா புகை மண்டியது. என் மகன் எபேலி உள்ளே மாட்டிக்கொண்டான். கிடங்கு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் மெரே தண்ணீர்க் குழாயை என் கையில் திணித்தாள்.

"தரையில ஊத்தாதீங்க மாமா. புகைமேல தூறலா அடிங்க. அமோனியாவுக்கு நாலு கை மாதிரி. மூணு ஹைட்ரஜனைப் பிடிச்சிருக்கு. நாலாவது சும்மா இருக்கு, அது தண்ணியைப் பிடிச்சுக்கும்."

"அந்தக் கையை நீ பாத்தியா?"

"இல்ல. இப்படியே பேசிட்டு நின்னா, எபேலி பொணத்தைத்தான் பாப்போம்."

பொய்யாக இருந்தால் அவளைச் சும்மா விடக்கூடாது என்று நினைத்தபடி குழாயைத் திருகிப் புகைமேல் தூறலாக அடித்தேன். வாசலில் புகை மெலிந்தது. தவழ்ந்துபோய் அவன் காலைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வெளியே வந்ததும் இருமினான். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த இருமல் நிற்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.