பஸ்ஸர் அடித்தபோது

விசாரணை அதிகாரி வாக்குமூலத்தில் அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தபோதுதான் டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். "ஐ இக்னோர்டு தி பஸ்ஸர்." படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக டிரைவரைப் பார்த்தார். "பாரம் கூடிப்போச்சுன்னு வண்டியில பஸ்ஸர் அடிச்சுது. காதுலயும் விழுந்துது. அப்படியும் கண்டுக்காம தூக்கியிருக்கீங்க. நீங்களே சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவர் அவர். திருதிருவென விழித்தார். அந்தக் கிடங்கில் யார் வாக்குமூலம் கொடுத்தாலும் தமிழில்தான் சொல்வார்கள். இவள் அதை இங்கிலீஷில் அடித்து நீட்டுவாள், அவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். மிஞ்சிப்போனால், "எல்லாம் சரியா எழுதிட்டியாம்மா?" என்று ஒரு கேள்வி. நேற்று டிரைவர் சொன்னது, "பஸ்ஸரை நான் கவனிக்கல." அதற்கு நோட்டீஸ் பண்ணவில்லை என்று எழுதுவது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல இருக்கிறதே என்று, ஸ்டைலாக இக்னோர் என்று போட்டுவிட்டாள். பெரிய மேதாவி! காதில் விழாதவனுக்கு ஒரு வார்த்தை, விழுந்தும் விட்டவனுக்கு வேறு வார்த்தை என்பது இப்போதல்லவா உறைக்கிறது. சரிந்த பெட்டிகளுக்கு அடியில் சிக்கி ஒரு லோடுமேனுக்குக் கால் உடைந்திருக்கிறது. தெரிந்தே செய்தது என்று ஆகிவிட்டால் டிரைவரின் சீட்டை இன்றைக்கே கிழித்துவிடுவார்கள்.

வாயைத் திறந்தால் அவள் சீட்டும் கிழியும். இங்கிலீஷ் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திறக்காவிட்டால்? எழுந்து நின்றாள்.

"சார், அந்த வார்த்தை அண்ணன் சொன்னது இல்ல. நான் போட்டது. தப்பாப் போட்டுட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருக்கீங்க?"

அவள் அலமாரியில் அடுக்கியிருந்த பழைய வாக்குமூல ஃபைல்களைப் பார்த்தாள்.

"சரி. வேற ஆளை வச்சுப் புதுசா எழுதி வாங்கிக்கறேன்."

"வேணாம் சார்." டிரைவர் அப்போதுதான் பேசினார். "தங்கச்சியே எழுதட்டும். நாலு வருஷமா என் பேச்சைக் கேட்டுப் பழகின பொண்ணு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு புதுத் தாளை இழுத்து வைத்தாள். இந்த முறை ஒரு எழுத்துகூடத் தானாகப் போடுவதில்லை என்று முடிவு செய்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, பஸ்ஸர் சத்தம் காதுலயே விழலையா? இல்ல, விழுந்தும் பரவாயில்லன்னு விட்டுட்டீங்களா?"

அவர் சட்டென்று ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. அதிகாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மேசைமேல் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மட்டும், அங்கே இல்லாத, பாரம் தூக்கும் லீவரை இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று இழுப்பதுபோல மெல்ல அசைந்துகொண்டிருந்தது.